துடிப்பு ஒளிர்வு மின்னிறக்க அயனி மூலம்: மின்னழுத்தம் நின்ற பிறகு சிக்னல் ஏறுவது ஏன், 52ஆம் நிறையை எப்போது படிப்பது?

கேள்வி: காட்பாடி ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தோல் பதனிடும் ஊர்களைச் சுற்றியுள்ள மண்ணில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்பதை, மண்ணை அமிலத்தில் கரைக்காமல் திண்மமாகவே வைத்து அளக்க முடியுமா என்று பார்ப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. இதற்காக, தாழ்ந்த அழுத்த வாயுவில் மின்சாரம் பாய்ச்சி மாதிரியை அயனிகளாக்கும் ஒளிர்வு மின்னிறக்க அயனி மூலம் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் நாங்களே கட்டி, அயனிகள் பறக்க எடுக்கும் நேரத்தைக் கொண்டு அவற்றின் நிறையைச் சொல்லும் பறப்பு நேர நிறை நிறமாலைமானியுடன் இணைத்திருக்கிறோம். ஆர்கான் வாயுவை ஏறத்தாழ 1 டார் அழுத்தத்தில் விட்டு, மாதிரியையே கேத்தோடாக (எதிர்மின்வாயாக) வைத்து, 1000 வோல்ட் மின்னழுத்தத்தை 5 மில்லி நொடி கொடுத்து 15 மில்லி நொடி நிறுத்துகிறோம். ஆக, ஒரு நொடிக்கு 50 துடிப்புகள். மாதிரிக்கும் அயனிகள் நுழையும் கூம்புக்கும் இடையே 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. மண் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் கிராஃபைட் தூளுடன் கலந்து அழுத்தி பெல்லட்டாக்குகிறேன்.

எனக்கு இரண்டு குழப்பங்கள். மண்ணே கலக்காத வெறும் கிராஃபைட் பெல்லட்டை வைத்தாலும் 52ஆம் நிறையில் நல்ல உயரமான முகடு வருகிறது. குரோமியத்தில் நூற்றுக்கு 84 பங்கு 52ஆம் நிறையில்தான் இருக்கிறது என்பதால், மூலத்தின் துருப்பிடிக்காத எஃகு உடலிலிருந்துதான் குரோமியம் வருகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் உடலை இரண்டு முறை கழற்றித் துடைத்த பிறகும் முகடு அசையவில்லை.

இரண்டாவது குழப்பம் இதைவிடப் பெரியது. அயனிகளை உள்ளே தள்ளும் கேட்டின் நேரத்தைச் சற்றே நகர்த்திப் பார்த்தபோது, மின்னழுத்தம் முற்றிலும் நின்றுபோன பிறகு, அதாவது ஆசிலோஸ்கோப்பில் மின்னோட்டக் கோடு தரையைத் தொட்ட பிறகு, மண் பெல்லட்டின் இரும்பு, குரோமியம் முகடுகள் குறைவதற்குப் பதிலாக உயர்ந்தன. ஆய்வகத்தில் பலர் இது மின்சுற்றின் எதிரொலி என்கிறார்கள். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் கூடுவதை நானும் எப்படி நம்புவது என்று தெரியவில்லை. கேட்டை எங்கே நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதை, இந்த மூலங்களோடு பழகியவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: பிளாஸ்மா ஆய்வர், வேலூர்

நீங்கள் பார்த்தது எதிரொலி அல்ல, அம்மா. துடிப்பு மூலத்தைக் கட்டுவதற்கான காரணமே அந்த ஏற்றம்தான். புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் குழுவினர் 1990இல் துடிப்பு ஒளிர்வு மின்னிறக்கத்தைத் தனிமங்களுக்கான அயனி மூலமாக எழுதிக்காட்டியதிலிருந்து, பலரும் இதை அளந்திருக்கிறார்கள்.

மின்னழுத்தம் இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆர்கான் அயனிகள் கேத்தோடை மோதி மாதிரியின் அணுக்களைத் தெறிக்கச் செய்கின்றன. தெறித்த அணுக்கள் பெரும்பாலும் மின்சுமை இல்லாதவை. அவை கேத்தோடுக்கு முன்னே ஒளிரும் எதிர் ஒளிர்வுப் பகுதிக்குள் மிதந்து வந்த பிறகுதான் அயனியாகின்றன. அங்கே வேகமான எலக்ட்ரான்களும் இருக்கின்றன, பெற்ற ஆற்றலை உடனே விடாமல் சிற்றுறுதி நிலையில் தங்கிய ஆர்கான் அணுக்களும் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் லேசர் பாடத்தில் படித்த அதே சிற்றுறுதி நிலைதான் இது; ஆர்கானுக்கு அவை 11.55, 11.72 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இருக்கின்றன. இப்படிப்பட்ட அணு ஒரு குரோமியம் அணுவைத் தொட்டால் தன் ஆற்றலைக் கொடுத்து அதை அயனியாக்கிவிடும், ஏனெனில் குரோமியத்துக்கு 6.77 எலக்ட்ரான் வோல்ட் போதும். மீதி ஆற்றலை வெளியேறும் எலக்ட்ரான் எடுத்துக்கொண்டு போகிறது. இதற்குப் பென்னிங் அயனியாக்கம் என்று பெயர்.

இப்போது மின்னழுத்தத்தை நிறுத்துங்கள். வேகமான எலக்ட்ரான்கள் சில மைக்ரோ நொடிகளிலேயே தளர்ந்துவிடுகின்றன. ஆர்கானை அயனியாக்க 15.76 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். தளர்ந்த எலக்ட்ரானால் அது முடியாது. அதனால் புதிய ஆர்கான் அயனி பிறப்பது நின்றுவிடுகிறது. ஏற்கெனவே இருந்த ஆர்கான் அயனிகளோ, தளர்ந்த எலக்ட்ரான்களை எளிதாகப் பிடித்துக்கொண்டு மீண்டும் நடுநிலை அணுக்களாகின்றன. அப்படித் திரும்பும் வழியில் கணிசமானவை நேராகத் தரைமட்டத்துக்கு விழாமல் சிற்றுறுதி நிலையில் வந்து தங்குகின்றன. ஆக, விளக்கு அணைந்த அந்தச் சிறிது நேரத்தில், உங்கள் குரோமியத்தை அயனியாக்கும் அணுக்களின் எண்ணிக்கை உண்மையிலேயே கூடுகிறது. தெறித்த குரோமிய அணுக்களும் இன்னும் சுவரைச் சென்று சேராமல் நடுவில்தான் மிதந்துகொண்டிருக்கின்றன. ஒருபுறம் ஆர்கான் அயனி சரிய, மறுபுறம் மாதிரியின் அயனி ஏறுகிறது. இந்த ஏற்றத்தைப் பின்முகடு என்றும், மின்னழுத்தம் தொடங்கிய உடனே வரும் கூரான எழுச்சியை முன்முகடு என்றும், இடையில் உள்ளதைச் சமதளம் என்றும் எங்கள் ஆய்வகத்தில் சொல்வோம்.

உங்கள் முதல் கேள்விக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது. ஆர்கான் 40, கார்பன் 12, சேர்ந்தால் 52. கிராஃபைட்டை கேத்தோடாக வைத்துவிட்டு 52ஆம் நிறையைப் பார்த்தால், ஆர்கானும் கார்பனும் ஒட்டிய அயனி அங்கே வரத்தான் செய்யும். அதன் நிறை 51.962, குரோமியம்-52இன் நிறை 51.941. இரண்டையும் பிரித்துக் காண ஏறத்தாழ 2400 பிரிதிறன் (நிறையை நிறை வேறுபாட்டால் வகுத்த எண்) வேண்டும், ஆய்வகத்தில் கட்டிய சிறிய பறப்பு நேரக் கருவிகளில் அது எளிதில் கிடைக்காது. இரும்பு-56க்கு மேல் ஆர்கான் ஆக்சைடு ஏறி உட்காருவதும் இதே கதைதான். கால்சியம்-40ஐயும் ஆர்கான்-40ஐயும் நிறையால் பிரிக்க வேண்டுமானால் 1,90,000 அளவுக்குப் பிரிதிறன் தேவைப்படும். காலத்தால் பிரிப்பதற்கோ, கேட்டைச் சரியான கணத்தில் திறக்கும் ஒரு நல்ல ட்ரிகர் போதும். ஆர்கான் அயனியை நம்பிப் பிறக்கும் இந்த ஒட்டுண்ணி அயனிகள் பின்முகட்டின்போது பெரும்பாலும் ஆர்கானோடு சேர்ந்தே சரியும். உண்மையான குரோமியம் ஏறும். எனவே 52ஆம் நிறையில் நிற்பது யார் என்று கேட்கச் சிறந்த வழி, அது எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான்.

கேட்டின் நேரத்தை எந்த ஆய்வுக் கட்டுரையிலிருந்தும் எடுத்து வைக்காதீர்கள். அழுத்தம், இடைவெளி, மூலத்தின் வடிவம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். கூம்புக்குள் நுழைந்த பிறகு ஆகும் தாமதம் சிறியது. 20 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் போகும் 52 நிறை அயனி நொடிக்கு 8.6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 20 சென்டிமீட்டரைக் கடக்க 23 மைக்ரோ நொடி போதும். ஆனால் மூலத்துக்குள் அந்த 6 மில்லிமீட்டரை ஆர்கான் கூட்டத்தினூடே முட்டி மோதிக் கடக்க நூற்றுக்கணக்கான மைக்ரோ நொடிகள் ஆகலாம். ஆகவே ஒரு சுத்தமான செப்புத் தகட்டை வையுங்கள். துடிப்பு முடிந்த கணத்தைச் சுழியமாகக் கொண்டு, கேட்டை 50 மைக்ரோ நொடி வீதம் தள்ளிக்கொண்டே போய், ஆர்கானின் 40ஆம் நிறையையும் செம்பின் 63ஆம் நிறையையும் ஒரே தாளில் வரையுங்கள். ஒன்று இறங்க, மற்றது ஏறும். உங்கள் மூலத்துக்கான சரியான நேரத்தை அந்தத் தாள் காட்டும்.

நேரத்தைத் துடிப்பின் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டாம். வாயு உடைந்து ஒளிரத் தொடங்கும் கணம் ஒவ்வொரு துடிப்பிலும் சற்று முன்பின்னாக இருக்கும். மின்னழுத்தம் விழும் விளிம்பு அப்படி ஆடாது.

பதில்: உயர் மின்னழுத்தம், சிப்காட்

மேலே சொன்ன பௌதிகத்தில் சேர்க்க என்னிடம் ஒன்றுமில்லை. மின்சுற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நொடிக்கு 50 துடிப்பு என்பதை மாற்றிவிடுங்கள். நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 சுழற்சிதான். உங்கள் மின்வழங்கியில் எவ்வளவு நல்ல வடிகட்டி இருந்தாலும் அந்த அலையின் மிச்சம் கொஞ்சம் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருந்து ஒன்றோடொன்று கட்டப்படாமலும் இருந்தால், சிக்னல் பல நொடிகளுக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்கும். காலையில் அளந்ததும் மாலையில் அளந்ததும் பொருந்தாமல் போக இதுவே போதும். சுற்றுக்காலத்தை 20 மில்லி நொடிக்குப் பதிலாக 17 என்று வையுங்கள். நொடிக்கு 58.8 துடிப்பு வரும், மிச்ச அலை ஓரிரு நொடிச் சராசரியிலேயே கரைந்துவிடும். அப்படி மாற்றும்போது சராசரி ஆற்றல் கொஞ்சம் கூடும் என்பதால் பெல்லட்டின் சூட்டையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: காட்பாடி ஆய்வு மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. செப்புத் தகட்டை வைத்துப் பார்த்துவிட்டேன். துடிப்பு முடிந்து ஏறத்தாழ 350 மைக்ரோ நொடியில் செம்பு உச்சத்துக்கு வருகிறது. அந்நேரத்தில் ஆர்கான் முகடு, சமதளத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் அடையாளம் தெரியாமல் சிறுத்திருக்கிறது. சமதளத்தில் ஆர்கான் வெள்ளத்தால் திணறிக்கொண்டிருந்த டிடெக்டரும் இப்போது அமைதியாக இருக்கிறது. காட்சிச் சன்னலைத் தனியே கவனித்தபோது, துடிப்பு ஓடும்போது ஆர்கானின் ஊதாவுக்கு நடுவே கேத்தோடின் முன்பு செம்பின் பச்சை ஒளி மெல்லிய வட்டமாக நிற்பதையும் கண்டேன்.

பிறகு அதே 350 மைக்ரோ நொடியில் வெறும் கிராஃபைட் பெல்லட்டைப் படித்தேன். 52ஆம் நிறையின் முகட்டில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் முழுதும் போகவில்லை. சிறிய மிச்சம் ஒன்று பிடிவாதமாக நிற்கிறது. ஒட்டுண்ணி அயனிகளால் தொந்தரவு வராத 53ஆம் நிறைக்கே மாறிவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: மண் வேதியியல், ஆற்காடு

பாலாற்றங்கரை மண்ணில் 20 ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 53ஆம் நிறையை அவ்வளவு எளிதாக நம்ப வேண்டாம். தோல் பதனிடும் ஊர்களில் பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டு வருவது உங்களுக்குத் தெரியும். அந்த உப்பு முழுதும் கழிவுநீரோடு வெளியேறி, கடைசியில் மண்ணில்தான் வந்து சேர்கிறது. குளோரின்-37உம் ஆக்சிஜன்-16உம் சேர்ந்தால் 53. குளோரின்-35, ஆக்சிஜன்-16, ஒரு ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்தால் 52. வேறு ஊர் மண்ணுக்கு எழுதிய முறை இந்த மண்ணுக்குப் பொருந்தாமல் போவது இப்படிப்பட்ட இடங்களில்தான். சமையல் உப்பை நன்கு உலர்த்தி, உங்கள் கடத்தும் தூளோடு கலந்து ஒரு பெல்லட் செய்து, அதே கேட் நேரத்தில் 52, 53 இரண்டையும் படித்துவிடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதி.

கிராஃபைட்டைக் கைவிடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். குரோமியத்தைத் தேடிக்கொண்டு கார்பனை நாமே அள்ளிக் கொட்டுவானேன்? தூய செப்புத் தூளோ வெள்ளித் தூளோ எடுத்துக்கொள்ளலாம். செம்பின் ஐசோடோப்புகள் 63, 65. குரோமியத்துக்கு அவற்றால் தொல்லை இல்லை. பின்னாளில் ரோடியம், பல்லேடியம் அளக்க நேர்ந்தால் மட்டும் செம்பும் ஆர்கானும் சேர்ந்து 103, 105இல் வந்து நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஈரம். களிமண் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர் மூலத்துக்குள் மெல்ல மெல்லக் கசிந்தால், சிற்றுறுதி நிலை ஆர்கான் அணுக்களின் ஆற்றலை அது பறித்துக்கொள்ளும், பின்முகடு கண்ணெதிரே தேய்ந்துபோகும். தெறித்த உலோக அணுக்களில் ஒரு பகுதி ஆக்சைடாகி வேறு நிறைக்கு ஓடிவிடும். நான் மண்ணை 105 பாகை செல்சியசில் இரவு முழுதும் அடுப்பில் வைத்து, அகேட் உரலில் மாவுபோல அரைத்து, செப்புத் தூளோடு ஒன்றுக்கு ஒன்பது என்ற எடை விகிதத்தில் குலுக்கிக் கலந்து, அழுத்திய பிறகு பெல்லட்டை மறுபடியும் உலர்த்தி, சூடு ஆறும் முன்பே வெற்றிட அறைக்குள் வைத்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இன்னொரு வம்பு உண்டு. குளிர்நீர் ஓடும் கேத்தோடுப் பிடி, அறையைத் திறந்த உடனே வியர்க்கத் தொடங்கிவிடும். மாதிரியை மாற்றும் முன் குளிர்நீரை நிறுத்தி, பிடி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். எத்தனையோ நாள் நான் ஓ-ரிங்கைச் சந்தேகித்துக் கழற்றி மாட்டியிருக்கிறேன், கடைசியில் குற்றவாளி அந்த வியர்வைதான். தண்ணீரைக் காட்டும் 18, 19ஆம் நிறைகளை எப்போதும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அவை தணியும்வரை அளக்கத் தொடங்க வேண்டாம்.

பதில்: பிளாஸ்மா ஆய்வர், வேலூர்

அந்தச் சிறிய மிச்சத்தைப் பற்றி. பின்முகட்டிலும் 52 நிற்கிறது என்றால், அது உண்மையான குரோமியமாகவே இருக்கலாம். உங்கள் முதல் சந்தேகம் முழுத் தவறல்ல. சரிபார்க்க ஐசோடோப்பு விகிதம் இருக்கிறது. இயற்கைக் குரோமியத்தில் 53ஆம் நிறை 9.5 விழுக்காடு, 52ஆம் நிறை 83.8 விழுக்காடு, எனவே 53ஐ 52ஆல் வகுத்தால் 0.113 வர வேண்டும். சமதளத்தில் அந்த எண் இதைவிட மிகக் குறைவாக இருக்கும், கார்பன் ஒட்டுண்ணி 52ஐ ஊதிப் பெருக்குவதால். பின்முகட்டில் 0.113ஐ நெருங்கினால், அங்கே குரோமியம் இருக்கிறது.

அப்படியானால் உடலைத் துடைத்தும் போகாதது ஏன்? பெல்லட்டைச் சுற்றி முகமூடி வளையம் ஒன்று இருக்குமே, அது எதனால் ஆனது? துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் அதில் எடையில் 18 விழுக்காடு அளவுக்குக் குரோமியம் இருக்கும், அதன் உள்விளிம்பு மின்னிறக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. முந்தைய மண் மாதிரியிலிருந்து தெறித்ததும் அதே விளிம்பில்தான் படிந்து, அடுத்த மாதிரியின்போது மீண்டும் பெயர்ந்து வரும். வளையத்தைச் செம்பிலோ டாண்டலத்திலோ கடைந்து போடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் போன்றவற்றை இதே பின்முகட்டில் தேட வேண்டாம். குளோரின் அணுவுக்கு 12.97, ஆக்சிஜனுக்கு 13.6, நைட்ரஜனுக்கு 14.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், 11.55ஐ வைத்துக்கொண்டு சிற்றுறுதி ஆர்கானால் அவற்றை அயனியாக்க முடியாது. கார்பனின் 11.26 எலக்ட்ரான் வோல்ட் அந்த எல்லைக்கு ஒட்டியே இருக்கிறது. அவற்றுக்கு வேகமான எலக்ட்ரான்கள் நிறைந்த முன்முகடுதான் பொருத்தமான இடம்.

பதில்: மண் வேதியியல், ஆற்காடு

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்த முறையில் நீங்கள் இப்போது படிப்பது மொத்தக் குரோமியம். இராணிப்பேட்டைப் பகுதியில் இரண்டு விதக் குரோமியமும் உண்டு. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சல்பேட்டில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம். மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் மலைபோலக் குவிந்து கிடந்த கழிவில் மக்களைப் பயமுறுத்துவது ஆறிணைதிறன் குரோமியம். நிலத்தடி நீரில் எளிதில் கரைந்து ஓடுவதும், உடலுக்குக் கொடுமை செய்வதும் பின்னதுதான். கேத்தோடிலிருந்து அணுவாகத் தெறித்து வரும்போது அது எந்த வடிவத்திலிருந்து வந்தது என்ற செய்தி தொலைந்துவிடுகிறது. அதே மண்ணில் ஒரு பகுதியைக் காரக் கரைசலில் வடித்து, ஆறிணைதிறன் குரோமியத்தோடு நிறம் தரும் டைஃபீனைல்கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் நிறத்தை அளந்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தத்தை மட்டும் வெளியிட்டால், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத் தேவையில்லாமல் அஞ்சவும் கூடும், அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாமல் இருக்கவும் கூடும்.

கேட்டவர்: காட்பாடி ஆய்வு மாணவி

முகமூடி வளையம் துருப்பிடிக்காத எஃகுதான், ஐயா. கடைசலில் கொடுத்துச் செம்பில் புதிதாக ஒன்று செய்து மாட்டினேன். சுற்றுக்காலத்தை 17 மில்லி நொடியாக்கி, செப்புத் தூள் பெல்லட்டுக்கு மாறி, 18ஆம் நிறை தணிய ஒன்றரை மணி நேரம் காத்திருந்து படித்தேன். புதிய சுற்றுக்காலத்தில் செப்புத் தகட்டை மறுபடி ஓட்டிப் பார்த்ததில் உச்சம் அதே 350 மைக்ரோ நொடியில்தான் வந்தது. வெறும் செப்பு பெல்லட்டில் 52ஆம் நிறை இப்போது பின்புல இரைச்சலோடு கலந்துவிட்டது. மண் பெல்லட்டில் 53க்கும் 52க்கும் உள்ள விகிதம் சமதளத்தில் 0.08, பின்முகட்டில் 0.112. உப்பு பெல்லட்டில், பின்முகட்டில் இரண்டு நிறைகளிலும் ஒன்றும் எழவில்லை. ஆனால் சமதளத்தில் 53இல் சிறிய முகடு ஒன்று தெரிந்தது, நீங்கள் எச்சரித்தபடியே.

காரக் கரைசல் வடிப்புக்கு மண்ணைப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன். நாளை அடுப்பிலிருந்து எடுத்ததும் அதைத் தொடங்குகிறேன்.